படத்தில் விழாத வண்டிகள்

உங்களுக்கும் என் வயது என்றால், கேமராவைப் பார்த்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் இன்னும் விட்டிருக்காது. என் மகள் சிரிக்கிறாள். "ஏம்மா செல மாதிரி நிக்கற? நூறு எடுக்கலாம், புடிக்கலன்னா அழிச்சிக்கலாம்" என்கிறாள். நம் காலத்தில் அழிக்கிற வசதி கிடையாது. எடுத்த படம் சரியா தப்பா என்று தெரியவே வாரக்கணக்கில் ஆகும். ரோல் முழுக்கத் தீர வேண்டும், ஸ்டுடியோவில் கொடுக்க வேண்டும், அவர்கள் மெட்ராசுக்கு அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும். அதற்குள் உலகத்தில் என்னென்னவோ நடந்து முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி அப்போது கம்பெனிகள் வந்திருக்கவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, அதற்கப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் வேலிக்காத்தான். ஆனால் நெடுஞ்சாலைப் பக்கம், பொட்டல் வெளியில், ரேஸ் மைதானம் மட்டும் வந்திருந்தது. மழைக்காலம் முடிந்து பனி இறங்கத் தொடங்கினால் சனி ஞாயிறுகளில் பந்தயம் நடக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். யாரோ ஒரு பெரிய துணியை முடிவே இல்லாமல் கிழித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். வாசனையும் வரும். பந்தய வண்டிகளில் சிலவற்றுக்கு விளக்கெண்ணெய் கலந்து ஊற்றுவார்களாம். அது எரிந்து வருகிற வாசனையை முதல்முறை முகர்ந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்த வூட்ல கொழந்தைக்கு எண்ணெ காய்ச்சறாங்க?" என்று கேட்டாள்.

அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். பஜாரில் உரக்கடைக்கு மாடியில் ஒரே அறை, வரிசையாக மெஷின்கள், ரிப்பன் மசி வாசனை. அப்பாவுக்குத் தப்பு என்றால் ஆகாது. ஒரு பக்கத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் தாளை உருவி இரண்டாகக் கிழித்துக் கூடையில் போடுவார். "முதல்லேர்ந்து" என்பார், அவ்வளவுதான். திட்ட மாட்டார். அவரிடம் படித்தவர்கள் பின்னாளில் பெரிய ஆபீஸ்களில் உட்கார்ந்தார்கள். அடித்துத் திருத்தி எழுதிய கடிதம் ஒன்றைக் கூட அவர் வாழ்க்கையில் தபாலில் போட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குப் புகைப்படப் பித்து எப்படிப் பிடித்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர்தான் ஆரம்பித்து வைத்திருக்க வேண்டும். தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர், தனிக்கட்டை, சிரிக்கும்போது தோள் இரண்டும் குலுங்கும். அவரிடம் ஒரு கேமரா இருந்தது. அப்பாவும் பாரிமுனைக்குப் போய், தோல் உறை போட்ட பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தார். உறையைத் திறந்தால் புதுச் செருப்பும் கற்பூரமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். என்னைத் தொட விடமாட்டார். முகர்ந்து பார்க்க மட்டும் விடுவார்.

ரேஸ் படம் பத்திரிகையில் வர வேண்டும் என்பது இருவருடைய ஆசை. உள்ளே நல்ல இடமும் கிடைத்தது. காரணம் என் சித்தப்பா. அப்பாவுக்கு நேர் இளையவர். ஊரில் டிராக்டர் ஓட்டினார், பந்தய நாட்களில் மைதானத்தில் கொடி காட்டினார். பாதையின் ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பேர் நிற்பார்கள். முன்னால் யாராவது விழுந்து கிடந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு மஞ்சள் கொடி வீச வேண்டும். வருகிறவன் வேகத்தைக் குறைத்துக்கொள்வான். அந்த வேலைக்குக் கொடுத்த வெள்ளை உடுப்பைச் சித்தப்பா தானே துவைத்து, தானே நீலம் போட்டுக் காயப்போடுவார். சித்தி தொட்டால்கூடக் கோபம் வரும்.

முதல் பந்தயத்துக்கு அப்பா போனபோது நானும் போனேன். நாள் முழுக்க வெயிலில் நின்று அப்பா ரோலைத் தீர்த்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு முட்டி மடித்து, மூச்சடக்கி, சொடுக்கு. கழுவி வந்ததைப் பார்த்தால் எல்லாம் கறுப்பு. அந்த மாதிரிக் கேமராவில் பார்க்கிற துவாரம் வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறு. கண்ணாடியின் மூடியைக் கழற்றாமலே நாள் முழுக்க எடுத்திருக்கிறார். ஸ்டுடியோக்காரர் ரொம்ப மரியாதையான மனிதர். "மாஸ்டர், ராத்திரி ரேஸா?" என்று மட்டும் கேட்டார்.

டிராயிங் மாஸ்டர் கதை அதைவிட மேல். முப்பத்தாறு படத்தில் தீர வேண்டிய அவருடைய ரோல் தீரவே இல்லை. "இதுல பாருங்க மாஸ்டர், அம்பதுக்கு மேல எடுத்துட்டேன், இன்னும் ஓடுது. கம்பெனிக்காரன் தாராளமாக் குடுத்திருக்கான்" என்று அப்பாவிடம் பெருமைப்பட்டார். திறந்து பார்த்தால் பிலிம் சுருளின் நுனி பற்சக்கரத்தில் மாட்டவே இல்லை. உள்ளே சுருள் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை மூடியைக் கழற்றினார் அப்பா, பிலிமும் மாட்டினார். படங்கள் வந்தன. வெறும் ரோடு. அழகான, காலியான, கறுத்த ரோடு. வண்டி துவாரத்துக்குள் வருவதைக் கண் பார்த்து, விரல் அமுக்குவதற்குள் அது அடுத்த வளைவுக்குப் போயிருக்கும். ஒன்றில் பின்சக்கரம் பாதி. ஒன்றில் புகை மட்டும். ஒன்றில் அப்பாவின் கட்டைவிரல் மலை மாதிரி நின்றது, அதன் சரிவில் ஒரு ஹெல்மெட். கம்பிவலை ஒவ்வொரு முடிச்சும் எண்ணுகிற மாதிரித் தெளிவாக விழுந்திருக்க, வலைக்கு அந்தப் பக்கம் ஏதோ கலங்கிப்போய் ஓடியது. தெளிவாக, முழுசாக, நடுவில் விழுந்த ஒரே வண்டி ஆம்புலன்ஸ். அதுதான் நின்றுகொண்டிருந்தது.

அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ரோடு நல்லா போட்டிருக்காங்க" என்றாள்.

வண்டியோடு சேர்ந்து உடம்பையும் திருப்ப வேண்டும் என்று டிராயிங் மாஸ்டர் எங்கேயோ படித்துவிட்டு வந்தார். இரண்டு பேரும் எங்கள் தெருவில் பயிற்சி எடுத்தார்கள். பால்காரர் சைக்கிளில் வருவார், இவர்கள் இடுப்பை முறுக்கித் திரும்புவார்கள். பால்காரர் பயந்து இறங்கி, "இன்னா சார், எதுனா தப்பா?" என்பார். மைதானத்தில் இதைச் செய்யப்போய் அப்பா திரும்பிய வேகத்தில் பின்னாலிருந்த வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். அந்தப் படத்தில் வானம் விழுந்திருந்தது, ஓரத்தில் ஒரு கொக்கு.

நாங்கள் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. ஆகாத படங்களை, டைப் அடித்த தாள் மாதிரியே, இரண்டாகக் கிழித்து வெந்நீர் அடுப்புப் பக்கத்துக் கூடையில் போடுவார். பெரும்பாலும் எல்லாமே கூடைக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்தப் பனிக்காலம் முழுக்கக் குளிக்கிற தண்ணீர் பந்தயப் படங்களில்தான் காய்ந்தது.

"நீங்க லேட்டா அமுக்கறீங்க மாஸ்டர்" என்றார் டிராயிங் மாஸ்டர். "வண்டி வர்றதுக்கு முன்னாலயே அமுக்கிடுங்க. விரல் கீழ போறதுக்குள்ள அது வந்து மாட்டிக்கும்."

அப்பா அப்படியே செய்வதென்று முடிவு பண்ணினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சித்தப்பாவின் வளைவுக்குப் பக்கத்திலேயே, வலைக்கு இந்தப் புறம் நின்றோம். நான் அப்பாவுக்குப் பின்னால். எனக்குத் தெரிந்ததெல்லாம் வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்ட அவர் சட்டைதான். டிராயிங் மாஸ்டர் தள்ளி உட்கார்ந்து, தலைக்கு மேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு ரோல் மாற்றிக்கொண்டிருந்தார். பைக் பந்தயம். வளைவைத் தாண்டி ஏதோ உராய்கிற சத்தம் கேட்டது. சித்தப்பாவோடு நின்ற இன்னொரு ஆள் அந்தப் பக்கம் ஓடினார். அடுத்த வண்டி வந்தது. அப்பாவின் கேமரா சொடுக்கியது. அப்புறம் இரும்பு இரும்பின் மேல் விழுகிற சத்தம், அதற்கப்புறம் ஒரு மனிதக் குரல். அந்தக் குரலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

முதலில் விழுந்தவனுக்குச் சிராய்ப்புதான். பின்னால் வந்து மோதியவன் வாலாஜாபாத்தைச் சேர்ந்த மெக்கானிக் பையன், கல்யாணமாகாதவன். தொடை எலும்பு முறிந்துபோனது. ஆம்புலன்சில் ஏற்றும்போது அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: "கொடி காட்டல. கொடி காட்டவே இல்ல."

அன்று மாலை மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் கூட்டமாக நின்றார்கள். பந்தயத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒரு பெரியவரும் இருந்தார். சித்தப்பா வெள்ளை உடுப்போடு நடுவில் நின்றார். முட்டி இரண்டிலும் செம்மண். ஓடிப்போய்த் தூக்கியதில் பட்டது.

"காட்டுனேன் சார். சத்தம் கேட்ட உடனே நீட்டிட்டேன். அவன் பாக்கல" என்றார்.

கூட நின்ற ஆளைக் கேட்டார்கள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியதால் தெரியாது என்றார். யாரோ ஒருவர் அப்பாவைக் கை காட்டினார்.

"மாஸ்டர், நீங்க அங்கதான நின்னுகினு இருந்தீங்க. உங்க தம்பி கொடி காட்டுனாரா?"

 அப்பாவின் கழுத்தில் கேமரா தொங்கியது. "நான் கேமரால கண்ண வச்சிருந்தேன். ரோட்டத்தான் பாத்தேன். கொடிய நான் பாக்கல" என்றார்.

"காட்டலன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லல. நான் பாக்கலன்னுதான் சொல்றேன்."

அது உண்மை. ஒரு எழுத்துப் பிசகாத உண்மை. அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா சித்தப்பா பக்கம் திரும்பினார். "காட்டினியாடா?" என்றார்.

"காட்டுனேண்ணா."

"நிச்சயமா?"

"காட்டுனேன்."

"மோட்டார் ஓட விட்டுட்டுத் தூங்கின மாதிரி இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

கிணற்றில் ஒருமுறை அப்படி ஆகியிருந்தது. சித்தப்பா தூங்கிப்போய் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது. ஆனால் அது குடும்பத்துக்குள் இருந்த விஷயம். டீக்கடையில் நின்றவர்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. சித்தப்பா அப்பாவையே பார்த்தார்.  மேல்சட்டைப் பித்தான்களை அவிழ்த்து, அங்கேயே கழற்றி, மடித்து, அந்தப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு நடந்து போனார்.

பெரியவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். "கொஞ்ச நாள் ஆகட்டும், பாத்துக்கலாம்" என்றார். ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. அண்ணனே தம்பிக்காகச் சொல்லவில்லை என்றார்கள். தூங்கிட்டாராம் என்றார்கள். டிராக்டருக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட, "முழிச்சிகினு ஓட்டுப்பா" என்று சொல்லிச் சிரித்தார்களாம். சித்தி அம்மாவிடம் வந்து அழுதாள். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாக்காததப் பாத்தேன்னு எப்படிச் சொல்றது?" என்று அன்று சாப்பிடும்போது அவராகவே கேட்டார்.

அம்மா சோறு போட்டுக்கொண்டே, "பாத்தேன்னு சொல்லச் சொன்னது யாரு. எந்தம்பி பொய் சொல்ல மாட்டான்னு சொல்லியிருக்கலாம்" என்றாள்.

அப்பா சோற்றைப் பிசைந்தார்.

படங்கள் வந்தபோது வீட்டில் யாருக்கும் அவற்றைப் பார்க்கிற மனசில்லை. அப்பா மட்டும் ஜன்னல் ஓரம் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்த முறை எல்லாம் முன்னாலேயே அமுக்கியவை. மறுபடி வெறும் ரோடுகள். கிழித்துக் கூடையில் போட்டார்.

மறுநாள் காலை அம்மா வெந்நீர் அடுப்பு மூட்டக் கூடையைக் கவிழ்த்தாள். நான் பல் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு துண்டை அடுப்பில் வைக்கப் போனவள் நிறுத்தினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து மற்ற துண்டுகளைத் துழாவி, அதன் மறுபாதியை எடுத்து, ஈரத் தரையில் இரண்டையும் சேர்த்து வைத்தாள்.

"ஏங்க, இங்க வாங்க" என்றாள்.

அப்பா வந்தார். "அதுல வண்டியே இல்ல" என்றார் நின்றபடியே.

"வண்டிய யாரு கேட்டா. இது யாரு?"

படத்தின் நடுவில் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சித்தப்பா. வலது கையை முழுக்க நீட்டியிருக்கிறார், மஞ்சள் கொடி காற்றில் விரிந்து நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது, கத்துகிறார். அவருக்குப் பின்னால் வளைவில் செம்மண் புழுதி எழும்பியிருக்கிறது. இடது ஓரத்தில், காகிதம் முடிகிற இடத்தில், ஒரு முன்சக்கரமும் சிவப்பு மட்கார்டின் நுனியும். வாலாஜாபாத் பையன் அப்போதுதான் வந்துகொண்டிருக்கிறான். கொடி அவனுக்கு முன்னால் இருக்கிறது.

அப்பா குந்தி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. அடுப்பு மூட்டாததால் அன்று நான் குளிக்காமலே பள்ளிக்கூடம் போனேன்.

ஸ்டுடியோக்காரரிடம் நெகட்டிவ் இருந்தது. பெரிதாகப் போட்டு வாங்கினார் அப்பா. முதலில் பெரியவரிடம் கொண்டுபோனார். அவர் பார்த்துவிட்டு, "தப்பாப் போச்சு மாஸ்டர், தம்பியை வரச் சொல்லுங்க" என்றார். அடுத்து வாலாஜாபாத். என்னையும் கூட்டிப்போனார். ஏன் என்று தெரியவில்லை, தனியாகப் போகத் தயங்கினார் என்று இப்போது தோன்றுகிறது. அந்தப் பையன் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. அவன் அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தாள். அவன் படத்தை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

"என் வீல்தான் சார்" என்றான். கொஞ்சம் கழித்து, "கொடி இங்க கீது. நான் எங்க பாத்துகினு வந்தேன்னு தெரியல. பக்கத்துல வந்தவனப் பாத்திருப்பேன்" என்றான். பிறகு, "அவருகிட்ட சொல்லுங்க சார், வேணும்னு சொல்லல நான்" என்றான். கண் கலங்கியிருந்தது. அப்பா அவன் தோளில் கை வைத்துவிட்டு எழுந்தார்.

அங்கிருந்து நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். சேரப்பணஞ்சேரிப் பக்கம், வயலை ஒட்டிய வீடு. மாலை வெயில் களத்தில் கிடந்தது. சித்தப்பா டிராக்டருக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து வெளியே வந்து கையைத் துணியில் துடைத்தார். அப்பா படத்தை நீட்டினார்.

"நீ காட்டியிருக்க. இதுல தெளிவா விழுந்திருக்கு. அவங்ககிட்டயும் காட்டிட்டேன், அந்தப் பையனும் ஒத்துகினான். உன்ன வரச் சொன்னாங்க" என்றார். மூச்சு வாங்காமல் சொன்னார். பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் அடித்து வைத்திருந்தார் போல.

சித்தப்பா படத்தைக் கையில் வாங்கவில்லை. அப்பா கையிலிருந்தபடியே எட்டிப் பார்த்தார். தன் முகத்தை, திறந்த வாயைப் பார்த்தார்.

"நல்லாதான் விழுந்திருக்கு" என்றார். அப்புறம் மெல்ல, "நான்தான் சொன்னனேண்ணா. அன்னிக்கே சொன்னேன். வாய் சொன்னா நம்பல, காயிதம் சொன்னா நம்புவியா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார்.

"தப்பு என்னுதுதான்" என்றார் அப்பா. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

சித்தி உள்ளேயிருந்து, "சாப்ட்டுப் போங்க" என்றாள். சாப்பிட்டோம். கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பு. சித்தப்பா எனக்கு மட்டும் முள் எடுத்துப் போட்டார். இருவரும் மழையைப் பற்றியும் விதைநெல்லைப் பற்றியும் பேசினார்கள்.

சித்தப்பா மைதானத்துக்குத் திரும்பப் போகவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். "வாணாம்பா, கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டார். பார்வை நன்றாகத்தான் இருந்தது. அப்பா கேமராவை டிராயிங் மாஸ்டரிடமே கொடுத்தார். அவர் மாற்றலாகித் தெற்கே போனபோது அதுவும் போயிற்று. பெரிதாகப் போட்ட அந்தப் படம் இன்ஸ்டிட்யூட் மேஜை டிராயரில் பல வருஷம் கிடந்தது. கம்ப்யூட்டர் வந்து மெஷின்களை எடைக்குப் போட்ட நாளில் மேஜையும் போனது. அதற்கு முன் டிராயரை யாரும் காலி பண்ணவில்லை. இன்று என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. அந்த நாளைப் பற்றி யோசித்தால், பாதிப் படம் ஈரத் தரையில் கிடப்பதுதான் வருகிறது.

இப்போது உங்களுக்கும் எனக்கும் அப்பா அப்போது இருந்த வயதைவிட அதிகமாகிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லாத மனிதர்கள் குறைவு. ஆனால் கண் பார்க்காத ஒன்றுக்கும் ஆளை நம்பிச் சாட்சி நிற்க முடியும் என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. அது தெரிந்தபோது ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டிய நேரம் கடந்திருந்தது.

அண்ணன் தம்பி உறவு அறுந்துபோகவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்து போனார்கள். ஒரகடத்தில் கம்பெனிகள் வந்து, நிலமெல்லாம் மதில் சுவரானபோது சித்தப்பா ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். அறுபது தாண்டிய பிறகும் ஷிப்ட் பார்த்தார்.

அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது சில வருஷங்களுக்கு முன்னால். ஆபரேஷன் பண்ணலாம், ஆனால் இந்த வயதில் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். என் தம்பி வெளியூரிலிருந்து போனில் விளக்கினான். ஸ்கேன் தாளை வைத்து டாக்டரே மறுபடி விளக்கினார். அப்பா எல்லாரிடமும் கேள்வி கேட்டார். அவர் சுபாவம் அது. எத்தனை சதவீதம், எத்தனை நாள், இதற்கு முன் யாருக்குப் பண்ணியிருக்கிறீர்கள். முடிவு மட்டும் சொல்லவில்லை.

காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனி உடுப்போடு சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதம் வீங்கியிருந்தது.

"வாணாம்ணா" என்றார். "வூட்டுக்குப் போலாம்."

அப்பா அவரைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. நிச்சயமா என்று கேட்கவில்லை.

"சரி" என்றார். என் பக்கம் திரும்பி, சட்டையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.